கொதும்பும் கீசரும்

நாஞ்சில் நாட்டில் குளிர் என்று ஒன்று கிடையாது. மார்கழியில் சுசீந்திரம் தேர் பார்க்க விடியற்காலையில் போகிறவர்கள் தலையில் துவர்த்தைச் சுற்றிக்கொண்டு, "என்னா குளிரு" என்று பல்லைக் கிட்டித்துக் காட்டுவார்கள். அது மாதத்துக்குச் செய்கிற மரியாதை. ஊட்டிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தினால் அவர் விசிறி கேட்பார்.

இப்பேர்ப்பட்ட ஊரில் என் மகன் வீடு கட்டியிருக்கிறான். அதில் சூடு உண்டாக்குவதற்கென்றே ஒரு பட்டாளம் இருக்கிறது: கேஸ் அடுப்பு, இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், கெட்டில், குளியலறைக்கு ஒன்றாகக் கீசர், அயர்ன் பாக்ஸ், பேத்தியின் சுருட்டை முடியை நேராக்க ஒரு மின்சாரக் கொறடு. "இதொண்ணும் இல்லாம எப்பிடி மாமா இருந்திய?" என்று மருமகள் நிஜமான இரக்கத்தோடு கேட்கிறாள். இவையெல்லாம் உண்டாக்குகிற சூட்டை விரட்ட இரண்டு ஏ.சி. வேறு. தீ என்று பார்க்கப்போனால் சாமி விளக்கும் கேஸ் அடுப்பின் நீல வட்டமும்தான். தீப்பெட்டி வாங்கினால் மாதக்கணக்கில் கிடக்கிறது. ஆனால் வீடு கொதிக்கிறது. நான் பிறந்த ஓட்டு வீட்டில் காலையில் பற்றவைத்த அடுப்பு ராத்திரிக் கஞ்சி வரைக்கும் அணையாது. அப்படியும் பங்குனி மத்தியானத்தில் வெறுந்தரையில் படுத்தால் முதுகு குளிரும். இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நாளாக இடிக்கிறது.

அந்தக் காலத்தில் தீயைக்கூடக் கடன் வாங்கினோம். தீப்பெட்டி இல்லாமலில்லை. பக்கத்து வீட்டில் தீ இருக்கும்போது ஒரு குச்சியைச் செலவழிப்பானேன் என்பது பாட்டியின் பொருளாதாரம். "எல மக்கா, வடக்க வீட்டுல அடுப்பு பத்தியாச்சான்னு பாரு. ரெண்டு கங்கு வாங்கிட்டு ஓடியா" என்று ஒரு சிரட்டையைக் கையில் தந்து விரட்டுவாள். சிரட்டையில் சாம்பலைப் பரப்பி அதன்மேல் கங்கை வைத்துத் தருவார்கள். நிஜமாகவே ஓடினால் காற்றில் கங்கு கனன்று சிரட்டையைத் தின்னத் தொடங்கும். ஆற அமர நடந்தால் படிப்புரை ஏறுவதற்குள் கருத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை உண்டு. எரிதலுக்குக் காற்று வேண்டும் என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு அது காலில் ஏற்கெனவே இருந்தது. செவ்வாய், வெள்ளியில் விளக்கு வைத்த பிறகு தீ கொடுக்க மாட்டார்கள். லட்சுமி கூடவே போய்விடுவாளாம். இப்போது பக்கத்து வீட்டில் வைஃபை பாஸ்வேர்டு கேட்டுப் பாருங்கள், எந்தக் கிழமையிலும் கிடைக்காது.

காசு கொடுத்து விறகு வாங்கியது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். மற்ற நாளெல்லாம் தென்னைதான் எரிந்தது. ஒரே மரத்தில் எத்தனை தீ! சில்லாட்டை பொறி பட்டதும் பிடிக்கும். காய்ந்த ஓலையைச் சுருட்டிக் கட்டிய சூட்டு, பேசி முடிப்பதற்குள் எரிந்து முடியும். பாளையை மூடியிருந்த கொதும்பு படபடவென்று எரிந்து புட்டுக்குடத்தில் ஆவி கிளப்பும். தேங்காயிலிருந்து உரித்த கதம்பை எரியவே எரியாது, மணிக்கணக்கில் கனலும். மீன் சட்டியை அதன்மேல் வைத்துவிட்டு அம்மை குளத்துக்குக் குளிக்கப் போய்விடுவாள். மட்டை நிதானமானது, நெல் அவிக்கிற குட்டுவத்துக்கு அதுதான். சிரட்டை மூர்க்கன். அதை எரித்துத் தண்ணீர் தெளித்து அணைத்த கரி அப்பாவின் தேய்ப்புப் பெட்டிக்குப் போகும். இன்றைய அடுப்பில் 'சிம்' என்றும் 'ஹை' என்றும் ஒரு திருகில் இருப்பதை அம்மை விறகுப்புரையில் வைத்திருந்தாள். அந்தச் சிரட்டையை இப்போது இணையத்தில் படம் போட்டு விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் எவ்வளவு பணத்தை எரித்திருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இப்படி ரசித்து எழுதுவது சுலபம். மூன்று கல் அடுப்பில் எரிகிற விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் சட்டிக்குள் போகும். மீதி அடுக்களைக்கும் அம்மையின் முகத்துக்கும். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கிய வெள்ளரி விதைக்கும் கருவாட்டுக்கும் புகை நல்லது செய்தது. கழுக்கோலில் பூச்சி ஏறாமல் காத்தது. அம்மையின் நெஞ்சுக்கு அது ஒரு நன்மையும் செய்யவில்லை. மழைக்காலத்தில் ஈரக் கதம்பையோடு மல்லுக்கட்டி ஊதுகுழலில் ஊதி ஊதி, சிவந்த கண்ணோடு வெளியே வந்து இருமுவாள். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. கேஸ் வந்து ருசி போயிற்று என்று எழுதுகிற ஆண்களில் ஊதுகுழல் பிடித்தவர் எவரும் இல்லை.

கேஸ் நேராக வந்துவிடவில்லை. முதலில் மரப்பொடி அடுப்பு வந்தது. அறுப்பு மில்லில் சாக்கில் வாங்கிவந்த பொடியை, நடுவில் ஒரு சோடாப் பாட்டிலும் அடியில் பக்கவாட்டில் ஒரு குச்சியும் வைத்து டின்னுக்குள் இடித்து நிரப்பி, இரண்டையும் உருவிவிட்டால் காற்றுப் போக வழி கிடைக்கும். உருவும்போது கை நடுங்கினால் எல்லாம் சரிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் திரி ஸ்டவ், ரேஷன் மண்ணெண்ணெய், அதற்கு ஒரு வரிசை. இந்தியன் ஆயிலின் முதல் இண்டேன் இணைப்பு 1965இல் கல்கத்தாவில் ஒரு வீட்டுக்குப் போனது. எங்கள் தெருவுக்கு அது வந்து சேர ஒரு தலைமுறை பிடித்தது. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் பெண் பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று ஒரு மாமா சொல்வார். சிலிண்டர் வந்த அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பாட்டி மட்டும் கடைசிவரை அதன் பக்கத்தில் போகவில்லை. "பொகையில்லாத தீய நம்பப்பிடாது" என்பாள்.

பாட்டாவின் கவலை வேறு தினுசு. கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசியில் வரும். சூடடித்து முடித்து வைக்கோல் காய்வதற்குள் எங்கிருந்தாவது ஒரு மழை வந்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த வைக்கோலைப் படப்பு போட்டுவிட்டுப் பாட்டா தூங்க மாட்டார். காலையும் மாலையும் படப்பைச் சுற்றிவந்து மோந்து பார்ப்பார். தோள்வரைக்கும் கையை உள்ளே விடுவார். ஒரு நாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, "உள்ள வேவுதுடே, பிரிச்சுப் போடுங்கல" என்று சத்தம் போட்டார். ஆட்கள் வந்து பிரித்தபோது நடுவிலிருந்து ஆவி எழுந்தது. வைக்கோல் தவிட்டு நிறத்துக்கு மாறி, கருப்பட்டி காய்ச்சுகிற வாசம் அடித்தது. யாரும் தீ வைக்கவில்லை.

ஈர வைக்கோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சு விடும்போது சூடு பிறக்கிறது. மெல்லிய அடுக்காகக் கிடந்தால் அது காற்றோடு போய்விடும். படப்பின் நடுவில் சிக்கிக்கொண்டால் போக வழியில்லை. 60, 70 டிகிரி ஆகும்போது நுண்ணுயிர்களே அந்தச் சூட்டில் செத்துப்போகும். ஆனால் அதற்குள் வைக்கோல் தானாகவே காற்றோடு வினைபுரியத் தொடங்கிவிடும். பிறகு தீப்பெட்டி தேவையில்லை. பாட்டாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. கையைத் தெரியும். இப்போது வயலிலேயே எந்திரம் வைக்கோலை உருளையாகச் சுருட்டிவிடுகிறது. அது வெந்தாலும் எரிந்தாலும் லாரி ஏறிக் கேரளத்துக்குப் போன பிறகுதான்.

இதே சூடுதான் தொழுவத்துக்குப் பின்னாலிருந்த உரக்குழியிலும். மழை பெய்த காலைகளில் அதன்மேல் ஆவி பறக்கும். ஊர் நாய்கள் அதன்மேல் இடம் பிடிக்கச் சண்டை போடும். நிக்கோபார் தீவுகளில் மெகபோடு என்றொரு பறவை இருக்கிறது. மண்ணையும் இலைதழையையும் மேடாகக் குவித்து, முட்டையை அதற்குள் புதைத்துவிட்டு, அடைகாக்கிற வேலையைக் குப்பைக்கே விட்டுவிடும். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியானதும் எங்களுக்கும் நாகரிகம் வந்து, அடுக்குமாடிக்காரர்கள் மூடிபோட்ட கம்போஸ்ட் தொட்டி வாங்கிவைத்து, சூடு ஏறுகிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். நாய்கள்தான் பாவம்.

வாழைக்குலை பழுக்கவைப்பதும் சூட்டு விவகாரம்தான். குழி வெட்டி, சருகு விரித்து, மட்டியும் பாளையங்கோட்டானுமாகக் குலைகளை அடுக்கி, ஒரு பானையில் கதம்பைப் புகை போட்டு மூடுவார்கள். புகையில் இருக்கும் எத்திலீன் பழுப்பைத் தொடங்கிவைக்கும்; அதன்பிறகு காய்கள் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுத் தாங்களே சூடேறும். மறுநாள் குழியைத் திறந்தால் ஒரு வெக்கை முகத்தில் அடிக்கும். இப்போது நவீன பழுக்கவைப்பு அறைகளில் அளந்து எத்திலீன் விடுகிறார்கள். பழம் உண்டாக்குகிற சூட்டைக் குளிர்சாதனம் வைத்து வெளியே தள்ளுகிறார்கள். அப்போது சூட்டைப் பூட்டிவைத்தோம், இப்போது காசு கொடுத்துத் துரத்துகிறோம். என் மகனின் வீடும் ஏறக்குறைய இந்த நிலைமையில்தான் இருக்கிறது.

ஆனால் சூடு உண்டாக்குவதில் எங்கள் பக்கத்தில் உண்மையான கெட்டிக்காரி தாமரை. தேரூர் குளத்துப் பக்கம் வளர்ந்தவன் நான். கழுத்தளவு தண்ணீரில் நின்று பறித்த தாமரை தோவாளைச் சந்தைக்குப் போவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அந்தப் பூவுக்குள் ஒரு அடுப்பு இருக்கிறது என்று எவரும் சொன்னதில்லை. 1996இல் ரோஜர் செய்மோர், பால் ஷுல்ட்சே-மோட்டல் என்ற இருவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் வளர்ந்த தாமரைகளில் வெப்பமானி வைத்துப் பார்த்து, நேச்சர் இதழில் எழுதினார்கள். வெளியே காற்று 10 டிகிரிக்கு இறங்கினாலும், மலர்ந்திருக்கும் சில நாட்களில் பூ தன் உட்புறத்தை 30 முதல் 36 டிகிரிக்குள் வைத்துக்கொள்கிறது. வெளியே குளிரக் குளிர உள்ளே அதிகமாக எரிக்கும். வெளியே சூடானால் குறைத்துக்கொள்ளும். எரிபொருள், பூ சேர்த்துவைத்த மாவுச்சத்து. அடுப்பு இருக்குமிடம் நடுவிலுள்ள பொகுட்டு. ஒரு பூ அதிகபட்சம் 1 வாட் வரை சூடு தரும். இந்த ஆடம்பரம் வண்டுகளுக்காக என்று நினைக்கிறார்கள்: ராத்திரி பூவுக்குள் தங்குகிற வண்டு வெதுவெதுப்பில் சுறுசுறுப்பாக இருந்து, மகரந்தத்தை ஒழுங்காகச் சுமந்து போக வேண்டும் அல்லவா.

மகன் வீட்டுக் கீசரிலும் இதே மாதிரி வெப்பத்தைப் பார்த்து அணைந்து எரியும் சமாச்சாரம் உண்டு. அது கெட்டுப்போய் மெக்கானிக் வந்து, "உப்புத் தண்ணி சார்" என்று தண்ணீரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போனார். தாமரை கலங்கல் தண்ணீரிலேயே நிற்கிறது.

தோட்டத்துச் சேனையும் லேசுப்பட்டதல்ல. அது பூத்தால் வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று எல்லாரும் தேடுவார்கள். அந்த நாற்றத்தை ஆவியாக்கித் தூரத்து ஈக்கும் வண்டுக்கும் அனுப்பப் பூ தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. சேனையின் ஐரோப்பியச் சொந்தம் ஒன்று பூக்கும்போது சூடாக இருப்பதை 1778லேயே லாமார்க் எழுதிவைத்தார்.

மார்த்தாண்டத்துத் தேனீக்கும் ஒரு பத்தி கொடுக்க வேண்டும். 1920களில் அங்கே ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புனரமைப்பு மையம் நடத்தி, பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். இன்றும் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம். பெட்டிக்குள் புழுக்கள் இருக்கும் அடைகளைத் தேனீக்கள் 35 டிகிரி அளவில் வைத்திருக்கும். சிறகை அசைக்காமல் சிறகுத் தசையை மட்டும் நடுக்கிச் சூடு உண்டாக்குவது அவற்றின் முறை. கடந்தைக் குளவி கொள்ளையடிக்க வந்தால் இந்த வித்தை ஆயுதமாகிவிடும். நூற்றுக்கணக்கான தேனீக்கள் குளவியை மொய்த்துப் பந்தாகி நடுங்கும். உள்ளே 46 டிகிரி தாண்டும். குளவி வெந்து சாகும். தேனீ அதைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாகத் தாங்கும், அந்த இடைவெளியில்தான் அதன் உயிர். நம் பெட்டித் தேனீயின் ஜப்பானியக் கிளையில் இதை முதலில் அளந்தார்கள்.

தீயில்லாமல் தண்ணீர் கொதிப்பதை நான் முதலில் பார்த்தது பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது. மணக்குடிக் காயல் பக்கமிருந்து சிப்பி வரும். சூளையில் வெந்த சிப்பி. வெள்ளையாக, லேசாக, தொட்டால் ஆறிப்போயிருக்கும். அதைப் பழைய பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "தள்ளி நில்லுங்கல, கண்ணு போயிரும்" என்று அப்பா எங்களை விரட்டுவார். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு உஸ்ஸென்று ஒரு சத்தம், பானை குலுங்கும், தளதளவென்று கொதித்துச் சுண்ணாம்பு வெளியே வழியும். சூளையில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டபோது சிப்பியிலிருந்து கரியமிலவாயு வெளியேறியது. அதற்குச் செலவான சூட்டில் ஒரு பங்கைச் சுட்ட சிப்பி உள்ளே அடக்கி வைத்திருந்து, தண்ணீர் பட்டதும் கொடுத்துவிடுகிறது. பேரன் விமானத்தில் போய்வந்து, தானே சூடாகும் சாப்பாட்டு டப்பா ஒன்றை அதிசயமாகக் கொண்டுவந்தான். அடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதே சுண்ணாம்பு. சிப்பிதான் இல்லை.

இதைவிடப் பழைய அடுப்பு ஒன்று எங்கள் கடற்கரையில் கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணல். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை. மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரிய ஆக்சைடில் கொஞ்சம் சீரியம் சேர்த்துச் செய்த வலைதான் கேஸ் விளக்கின் மேன்டில். ஐரோப்பியத் தெருக்கள் எங்கள் மணலில் வெளிச்சம் போட்டுக்கொண்டன. எங்கள் வீட்டில் அப்போது புன்னைக்காய் எண்ணெய் விளக்கு. அந்த மேன்டில் எங்களுக்கு வந்து சேர்ந்தது பெட்ரோமாக்ஸ் வழியாக, கல்யாணத்துக்கும் கொடைக்கும் வாடகைக்கு.

தோரியம் தானாகச் சிதையும். சிதையும்போது சூடு விடும். அதில் பாதி சிதைந்து தீர 1400 கோடி ஆண்டு வேண்டும், பூமியின் வயதே 454 கோடிதான். அதனால் தொடங்கின வேலையில் கால்வாசிகூட முடிக்கவில்லை. பூமியின் உள்ளிருந்து வெளியேறும் சூட்டில் ஏறக்குறைய பாதி இப்படித் தோரியமும் யுரேனியமும் பொட்டாசியமும் சிதைவதால் வருகிறது என்று 2011இல் ஜப்பானின் காம்லாண்ட் சோதனைக்கூடம் அளந்து சொன்னது. எரிமலை கக்குவதும் வெந்நீர் ஊற்று பொங்குவதும் பாதி இந்தக் கணக்கில்தான். மணவாளக்குறிச்சிக் கரையில் கட்டுமரத்தை இழுத்துப் போட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறவர் காலடியில் அதே சரக்கு. மணல் சுடுவது வெயிலால்தான், பயப்பட வேண்டாம்.

உராய்ந்தால் சூடு பிறக்கும் என்பது உரலில் இடித்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அதை அளந்து உலகை நம்பவைக்க ஜூல் என்ற ஆங்கிலேயர் பாடுபட வேண்டியிருந்தது. 1847இல் தேனிலவுக்குப் போன இடத்தில்கூட, விழுகிற தண்ணீர் சூடாகிறதா என்று அருவியின் மேலும் கீழும் வெப்பமானி வைக்கப் பார்த்தார் என்று அவர் நண்பர் கெல்வின் சொன்ன கதை உண்டு. ஜூல் திற்பரப்புக்கு வந்திருந்தால் ஏமாந்திருப்பார்: 50 அடி விழுகிற தண்ணீர் ஏறுவது 0.04 டிகிரிகூட இல்லை. அங்கே குளிக்கிறவர்கள் சூடாவது கடைக்காரர் சொல்கிற பஜ்ஜி விலையில். குலசேகரம் ரப்பரில் சோதனை சுலபம். அகலமான ரப்பர் பேண்டை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுங்கள், சுடும். ஜான் கஃப் என்பவர் 1805இல் இதை எழுதினார். அவருக்குக் கண் தெரியாது, உதட்டால்தான் கண்டார்.

மின்சாரம் வந்ததும் இந்தச் சூடெல்லாம் கம்பிக்குள் போய்விட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று அடித்தால் முன்பு ஓடு பறக்கும், அடுப்பு அணையும், பாட்டி காற்றைத் திட்டுவாள். இன்று முப்பந்தலில் அதே காற்று ஆலையைச் சுழற்றி இட்லி அவிக்கிறது. கடலோரம் வடகிழக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளம். முதல் உலை 2013இல் மின்கட்டமைப்பில் சேர்ந்தது. ஒரு உலை உண்டாக்குகிற சூடு 3000 மெகாவாட், அதில் மின்சாரமாவது 1000. மற்ற இரண்டு பங்கையும் கடல் வாங்கிக்கொள்கிறது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு சட்டிக்குப் போன அம்மையின் அடுப்பைக் கேலி செய்கிற எஞ்சினியர் மகனிடம் இதைச் சொன்னேன். "அது வேற கணக்குப்பா" என்றான்.

இண்டக்‌ஷன் அடுப்பில் தீயே இல்லை. அது காந்தப்புலத்தை ஆட்டிப் பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரத்தைச் சுழலவிடுகிறது, சூடாவது பாத்திரம்தான். காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது மதிக்காது. வெங்கல உருளியைத் தூக்கி வைத்தேன். அடுப்பு கீச்சென்று கத்தி அணைந்துகொண்டது. மீன் சட்டியையும் ஏற்கவில்லை. இப்போது உருளி முன்னறையில் தண்ணீரும் பூவிதழும் மிதக்க உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் மூன்று தலைமுறைக்குப் பாயசம் வைத்திருக்கிறோம்.

பாயசம் என்றதும் கல்யாணம். முன்பு முற்றத்தில் கோட்டை அடுப்பு போட்டு, தவசிப்பிள்ளை இடுப்பில் துவர்த்தோடு வார்ப்பில் பிரதமன் கிண்டுவார். வேர்வையைத் துடைக்க ஒரு பையன். இன்று மண்டபம். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் 100 வாட் சூடு தருகிறார். ஆயிரம் பேர் கூடினால் 100 கிலோவாட். அதைத் தள்ளவே ஏறக்குறைய 28 டன் ஏ.சி. வேண்டும், மொய் எழுதுகிறவரின் பதற்றம் இந்தக் கணக்கில் சேராது. பின்பக்கம் கேஸில் சமையல். "விறகடுப்பு வேணும்னா ரேட்டு தனி" என்கிறார் கேட்டரிங்காரர்.

ஆக, மகன் வீடு ஏன் கொதிக்கிறது? கீசரையும் கெட்டிலையும் நான் முதலில் வீணாகச் சந்தேகப்பட்டேன். அவை கொஞ்ச நேரம் எரிந்து ஓய்ந்துவிடுகிறவை. வீட்டின் மிகப்பெரிய அடுப்பு தலைக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் உச்சி வெயில் கொட்டுவது சுமார் 90 கிலோவாட். பழைய சிமென்ட் தளம் அதில் பாதிக்கு மேல் குடித்துவிடும். பகலில் குடித்ததை ராத்திரி படுக்கையறைக்குள் கக்கும். ஓட்டுக் கூரையில் இடுக்கு உண்டு, கீழே மரத்தட்டு உண்டு, சூடு வந்த வழியே போய்விடும். காங்கிரீட்டுக்குப் போக்கிடம் இல்லை. அதைத் தணிக்க ஏ.சி. போடுகிறோம்: ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது அறையிலிருந்து இழுத்ததும் தான் தின்ற மின்சாரமுமாக ஆறு கிலோவாட்டுக்கு மேல் சந்தில் ஊதுகிறது. அந்தச் சந்தில்தான் பக்கத்து வீட்டு ஜன்னல். அவர்களும் போன சித்திரையில் ஏ.சி. வாங்கிவிட்டார்கள்.

கடையில் கூல் ரூஃப் பெயின்ட் என்று வாளி வாளியாக விற்கிறார்கள், விலை கேட்டாலே உடம்பு சில்லென்று ஆகிறது. அதுவரை போக வேண்டாம். தை பிறந்ததும் நல்ல சுண்ணாம்பு வாங்கி நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து மொட்டை மாடிக்கு இரண்டு தடவை அடித்துவிடுங்கள். புதுச் சுண்ணாம்பு வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரைந்தால் அடுத்த தையில் மறுபடியும் அடிக்கலாம், ஆகிற செலவு ஒரு மாத ஏ.சி. கரண்ட் பில்லைவிடக் குறைவு. நீற்றும்போது பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.